பட்டறை வாசலுக்குப் போகும் கருவிக் கடை: செட்டிநாட்டில் இத்தொழிலைத் தொடங்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியை நடுவாக வைத்துக்கொண்டு, தேவகோட்டை, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி, திருமயம் என்று வாரம் ஒரு சுற்று வந்து, வாகனப் பட்டறைகளுக்குக் கைக்கருவிகள் விற்பது என் தொழில். இதில் இறங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

வண்டியில் கருவி விற்கும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து வந்தது. 1920-ஆம் ஆண்டுக்கு முன்பு அங்கே சாக்கெட், அதாவது நட்டின் தலையில் கவிழ்ந்து பிடிக்கும் குழல், பெரும்பாலும் தன் கைப்பிடியோடு சேர்ந்தே விற்கப்பட்டது; பத்து அளவு வேண்டுமென்றால் பத்துக் கைப்பிடிகளையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும். மில்வாக்கி நகரில் ஜோசப் ஜான்சன் என்பவர், சாக்கெட்டைத் தனியாகவும் பிடியைத் தனியாகவும் செய்து வேண்டியபோது மாட்டிக்கொள்ளலாம் என்று தாம் வேலை பார்த்த நிறுவனத்திடம் சொன்னார். அவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் வில்லியம் சைட்மன் என்பவரோடு சேர்ந்து 1920-இல் தொடங்கியதுதான் ஸ்னாப்-ஆன். ஐந்து பிடிகள், பத்து சாக்கெட்டுகள், ஐம்பது கருவிகளின் வேலை என்பது அவர்களுடைய முதல் விளம்பரம். கடையில் அடுக்கி வைத்தால் இதன் பயன் யாருக்கும் புரியாது என்பதால், விற்பனையாளர்கள் பட்டறைக்கே போய் மாட்டிக் காட்டி விற்றார்கள். அந்தப் பழக்கம்தான் பிற்காலத்தில் வாரந்தோறும் ஒரே நாளில் வரும் வேனாக வளர்ந்தது. 1919-இல் தோன்றிய கார்ன்வெல், 1938-இல் தோன்றிய மேக் டூல்ஸ், 1979-இல் வந்த மேட்கோ ஆகிய மூன்றும் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்தவை. அவையும் இதே முறையில்தான் விற்கின்றன. அங்கே வேன்காரர் நிறுவனத்தின் சம்பளக்காரர் அல்லர்; தம் முதலைப் போட்டுச் சரக்கை வாங்கி, தமக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் தவணைக்கு விற்கும் தனி வியாபாரி.

நமக்கு இது புதிதென்று சொல்ல மாட்டேன். சரக்கை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போவதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்று சொன்ன ஊர் இது. ஜவுளி மூட்டையோடு வீடு வீடாக வந்து, வாரத் தவணையில் சேலை கொடுத்துவிட்டுப் போனவர்களை நம் பாட்டிமார் அனைவரும் அறிவார்கள்.

அந்த அமெரிக்க நிறுவனங்களின் உரிமத்தை வாங்கி இங்கே நடத்தலாமா?

அதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவற்றின் விலை அமெரிக்க மெக்கானிக்கின் வாரச் சம்பளத்தைக் கணக்கிட்டு வைத்த விலை. கானாடுகாத்தானில் இரு சக்கர வண்டி பழுது பார்ப்பவரின் வரவுக்கு அது ஒத்துவராது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயரை அன்று, முறையை: ஒரே நாள், ஒரே நேரம், உடைந்ததை மாற்றித் தரும் பொறுப்பு, வாரத் தவணை. சரக்கைப் பல முத்திரைகளிலிருந்து நாமே பொறுக்கி எடுக்கலாம்.

எந்த முத்திரைகளை வைத்திருக்க வேண்டும்?

முதுகெலும்பாக டபாரியாவை வைத்துக்கொள்ளுங்கள். நாசிக்கில் தொழிற்சாலை உள்ள அந்நிறுவனம், ஒரு சுவீடன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1969-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தப் பகுதியில் ‘கட்டிங் பிளேயர்’ என்று கேட்டாலே அதைத்தான் நினைக்கிறார்கள். ஸ்பேனர், பிளேயர், திருப்புளி ஆகிய மூன்றிலும் விலைக்கும் தரத்துக்கும் இடையே இவ்வளவு சரியாக நிற்கும் வேறொன்றை நான் காணவில்லை. அடுத்த வரிசையில் ஜலந்தர், லூதியானா தொழிற்சாலைகளின் சரக்கு வரும். இவற்றில் ஏற்றுமதிக்குச் செய்யப்படும் மிக நல்லவையும் உண்டு. கையில் எடுத்ததும் கீழே வைத்துவிட வேண்டியவையும் உண்டு. முத்திரையின் பெயரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பொருளாகச் சோதித்து எடுக்க வேண்டிய வரிசை இது.

ஜெர்மனி முத்திரைகளில் 1862-இல் தொடங்கிய ஸ்டால்வில், 1868-இன் ஹாசெட், 1882-இன் நிபெக்ஸ், 1919-இன் கெடோர் ஆகியவை உலகப் பெயர் பெற்றவை. ஹாசெட் என்பது நிறுவனர் ஹெர்மன் செர்வரின் இரண்டு முதலெழுத்துகளை ஜெர்மானியர் உச்சரிக்கும் ஒலி. கெடோர் என்பது ரெம்ஷைட் ஊரின் டொவிடாட் சகோதரர்கள் என்பதன் சுருக்கம். கெடோர் என்று பொறித்த, இந்தியாவிலேயே செய்யப்பட்ட பழைய ஸ்பேனர்களைச் சில மூத்த மேஸ்திரிகள் இன்றும் பெட்டியின் அடித்தட்டில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கேட்டாலும் விற்க மாட்டார்கள். ஜப்பானில் கியோட்டோ டூல் நிறுவனம் 1950-இலிருந்து இருக்கிறது.

இவற்றை முழு செட்டாக வாங்கி அடுக்கினால் முதல் முடங்கிவிடும். எது கெட்டால் வேலையே நிற்குமோ, அதில் மட்டும் உயர்ந்த முத்திரையை வையுங்கள். சர்க்கிளிப் எனும் வில் வளையத்தைக் கழற்றும் பிளேயரின் முனை வளைந்தால் கிளிப் எகிறிக் கண்ணில் படும். அங்கே நிபெக்ஸ் போன்றதற்குக் கொடுக்கும் விலை தகும். டயர் லீவருக்கு அவ்வளவு கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு ஸ்பேனர் நல்லதா என்று கடையில் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது?

‘குரோம் வனேடியம்’ என்ற பொறிப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கலவை எஃகு நல்லதுதான். ஆனால் எழுத்தை யாரும் பொறித்துவிடலாம். எஃகைக் காய்ச்சிப் பதப்படுத்திய முறையில்தான் தரம் இருக்கிறது. பதம் குறைந்தால் வாய் விரியும், கூடினால் திடீரென்று உடையும். நான் எப்போதும் சட்டைப் பையில் 10, 12, 14 மில்லிமீட்டர் அளவுகளில் மூன்று புதிய போல்ட்டுகளை வைத்திருப்பேன். ஸ்பேனரை அதில் மாட்டி இரு பக்கமும் அசைத்துப் பார்ப்பேன். மிகச் சிறிய ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் அது போல்ட்டின் தலையை உருட்டிவிடும். பிறகு ரிங்கின் உள்முனைகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே முலாம் கட்டியாகத் தேங்கியிருந்தால் சில மாதங்களில் செதிலாக உரியும்.

சாக்கெட்டில் ஆறு முனையா, பன்னிரண்டு முனையா என்ற கேள்வி அடிக்கடி வரும். பன்னிரண்டு முனை குறுகிய இடத்தில் எளிதில் மாட்டும். ஆறு முனை போல்ட்டின் பக்கங்களை அகலமாகப் பிடிக்கும். துருப்பிடித்த டிராக்டர் போல்ட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்டைக் கொடுத்தால் அடுத்த வாரம் வசவுதான் கிடைக்கும். காற்றுத் துப்பாக்கியில், அதாவது இம்பாக்ட் ரெஞ்சில், பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மாட்டவே கூடாது. அதற்கென்று கறுப்பு நிறத்தில் வரும் தடித்த சாக்கெட்டைத்தான் மாட்ட வேண்டும். குரோம் சாக்கெட் அந்த அதிர்ச்சியில் தெறித்துச் சில்லாகப் பறக்கும். இதை விற்பவர்தான் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பட்டறையில் யாரும் படிப்பதில்லை.

ராட்செட்டில், அதாவது சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் பிடியில், பல் எண்ணிக்கையைச் சொல்லி விற்கலாம். 24 பல் உள்ளது ஒரு சொடுக்குக்கு 15 பாகை திரும்ப வேண்டும். 72 பல் உள்ளதற்கு 5 பாகை போதும். ஸ்கூட்டரின் பக்கத் தகட்டுக்குள் கையை விட்டு வேலை செய்பவருக்கு அந்த வேறுபாடு உடனே புரியும்.

முதல் சரக்காக எவற்றை ஏற்ற வேண்டும்?

நம் ஊர்ப் பட்டறைகளில் பாதிக்கு மேல் இரு சக்கர வண்டிப் பட்டறைகள். அங்கே 8, 10, 12, 14 அளவு டி ஸ்பேனர், 17 அளவு ரிங், பிளக் ஸ்பேனர், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் திருப்புளி, மேக்னட் புல்லர், கிளட்ச் ஹோல்டர், செயின் கட்டர், ஃபீலர் கேஜ் ஆகியவை ஓடும். இரட்டை முனை ஸ்பேனர் செட்டில் 6-7 தொடங்கி 20-22 வரை எட்டு வரும்; டிராக்டர், லாரிப் பட்டறைகள் 24-27, 30-32 வரை கேட்கும். 10 அளவு சாக்கெட்டை மட்டும் தனியாக நிறைய வாங்கி வையுங்கள். உலகம் முழுவதும் தொலைந்து போவது அதுதான். அதைக் கொடுத்தே நான் பல பட்டறைகளில் முதல் போணி செய்திருக்கிறேன்.

அங்குல அளவுகளை மறக்க வேண்டாம். பழைய மாசி ஃபெர்குசன் டிராக்டர்களும், பெரிய வீடுகளின் வண்டிக் கொட்டகைகளில் இன்னும் நிற்கும் பழைய பிரிட்டிஷ் கார்களும் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதில் 13 ஸ்பேனர் மாட்டும், ஆனால் இறுகப் பிடிக்காது. இரண்டு தடவை வழுக்கினால் நட்டின் தலை உருண்டைதான். ஒரே ஒரு அங்குல செட்டை நான் நெடுநாள் விற்காமலேயே வண்டியில் வைத்திருந்தேன். அதை ஒருநாள் இரவல் கொடுத்த பட்டறை, இன்றுவரை என்னைத் தவிர வேறு யாரிடமும் வாங்குவதில்லை.

டார்க் ரெஞ்ச் இங்கே விற்குமா?

விற்கும், ஆனால் சொல்லி விற்க வேண்டும். நட்டைக் குறித்த அளவு முறுக்குக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச் இது. ‘என் கையே டார்க் ரெஞ்ச்தான்’ என்று ஒவ்வொரு மேஸ்திரியும் சொல்வார். அவரிடம் வாதாடாமல், எஞ்சினின் அலுமினிய ஹெட்டில் மரை போன பிளக் துளையை ஒக்கிட அவர் கடைசியாக எவ்வளவு செலவு செய்தார் என்று கேட்டால் போதும். பழைய கையேடுகளில் கிலோகிராம்-மீட்டர் என்றிருக்கும், புதியவற்றில் நியூட்டன்-மீட்டர். ஒரு கிலோகிராம்-மீட்டர் என்பது 9.81 நியூட்டன்-மீட்டர். இந்தக் கணக்கை ஒரு சிறிய அட்டையில் எழுதி ரெஞ்சோடு கொடுத்துவிடுவேன்.

ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தர விதியின்படி, 10 நியூட்டன்-மீட்டருக்கு மேற்பட்ட, அளவு எட்டியதும் சொடுக்கிக் காட்டும் வகை ரெஞ்ச் நூற்றுக்கு 4-க்கு மேல் பிசகக் கூடாது. தயாரிப்பாளர் வேறு சொல்லாவிட்டால், 12 மாதத்துக்கு ஒரு முறை அல்லது 5000 முறை பயன்படுத்திய பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துவிடும். இறுகிய நட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்துபவருக்கு நான் மறுபடி ஒன்றை விற்பதில்லை.

உடைந்தால் மாற்றித் தருவதாகச் சொல்வது நமக்குக் கட்டுப்படியாகுமா?

நல்ல முத்திரைகள் பலவற்றில், செய்முறைக் குறையால் ஏற்படும் உடைவுக்கு மாற்று கிடைக்கும். தேய்மானத்துக்கும் தவறான பயன்பாட்டுக்கும் கிடைக்காது. குழாயைச் செருகிப் பிடியை நீட்டி மிதித்த ஸ்பேனரைப் பார்த்தாலே தெரியும், கழுத்து முறுக்கியிருக்கும். ஆனாலும் மெக்கானிக்குக் கருவி அன்றே வேண்டும். நிறுவனம் பதில் சொல்லும்வரை அவரைக் காக்க வைத்தால் நாம் வாரந்தோறும் வருவதில் என்ன பொருள் இருக்கிறது? நான் என் சரக்கிலிருந்து உடனே மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு மொத்த வியாபாரியிடம் வாங்கிக்கொள்வேன். ஒரு முறை ஒரு மொத்த வியாபாரி என் உடைந்த சாக்கெட்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, பல மாதம் கழித்து ‘எந்தப் பை?’ என்று கேட்டார். அன்றிலிருந்து கையெழுத்து வாங்காமல் எதையும் ஒப்படைப்பதில்லை.

எந்த வண்டி நல்லது?

டாட்டா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வண்டி போதும். எஃகு என்பது எடை. அலமாரி நிறைவதற்கு முன்பே வண்டியின் சுமை வரம்பு நிறைந்துவிடும். உடலமைப்பை மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். ஆகவே கழற்றக்கூடிய அடுக்குகளையே சரக்குத் தட்டில் பொருத்துங்கள். கனமானவை கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கட்டும். ஐப்பசி மழையில் ஒவ்வொரு தட்டிலும் எண்ணெய்த் துணி வேண்டும். துருவின் ஒரு புள்ளி இருந்தாலும் ‘பழைய சரக்கா?’ என்பார்கள்.

ஒரு நாளில் எத்தனை பட்டறைகளுக்குப் போகலாம், எந்த நேரத்தில் போக வேண்டும்?

எண்ணிக்கையைவிட நாள் தவறாமை பெரிது. தேவகோட்டைக்குச் செவ்வாய் என்றால், விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செவ்வாய்தான். காலையில் பட்டறை திறந்தவுடன் வண்டிகள் வந்து குவியும். அப்போது போய் நின்றால் இடைஞ்சல். பதினோரு மணித் தேநீருக்குப் பிறகும், மதிய உணவுக்குப் பின்னரும் கேட்பார்கள். சனிக்கிழமை மாலை விற்பனைக்கு ஆகாது, ஆனால் வசூலுக்கு ஏற்றது, ஏனென்றால் அன்றுதான் பட்டறையில் சம்பளம்.

முதலில் மேஸ்திரிக்கு வணக்கம் சொல்லுங்கள். ‘அண்ணே, இன்றைக்கு ஏதாவது வழுக்குகிறதா, உடைந்ததா?’ என்பதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டாம்; புதிய கருவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். வேலை பழகும் பையன்கள் ஆசையோடு எடுத்துப் பார்ப்பார்கள். பார்க்க விடுங்கள், ஆனால் மேஸ்திரிக்குத் தெரியாமல் அவர்களுக்குக் கடன் கொடுக்காதீர்கள். பையன் நின்றுவிட்டால் பணமும் போகும், பட்டறையும் போகும்.

தவணையும் பாக்கியும் எப்படி நடத்த வேண்டும்?

இத்தொழிலில் நொடித்தவர்கள் சரக்கால் நொடிக்கவில்லை, ஏட்டால் நொடித்தார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். 3200 ரூபாய்க்கு வாங்கிய சாக்கெட் செட்டை 4000 ரூபாய்க்கு, வாரம் 500 வீதம் எட்டு வாரத் தவணைக்குக் கொடுக்கிறீர்கள். லாபம் 800. அவர் ஒரு தவணையும் கட்டாமல் போனால், அந்த 3200-ஐ ஈடுகட்ட இன்னும் நான்கு செட்டுகளை முழுதாக விற்று வசூலித்தாக வேண்டும். அதுவரை நீங்கள் ஊர் சுற்றியது, டீசல் போட்டது எல்லாம் வீண். முழுவதும் வசூலானாலும், முதல் ஆறு தவணையில் வருவது 3000 ரூபாய். அதாவது ஏழாவது வாரம் வரை உங்கள் முதலே திரும்பவில்லை. இருபது பட்டறைகளுக்கு ஒரே நேரத்தில் இப்படிக் கொடுத்தால் 64,000 ரூபாய் வெளியே நிற்கும். புதிதாக வருபவர்கள் வண்டிக்கும் சரக்குக்கும் முதல் ஒதுக்குகிறார்கள். வெளியே நிற்கப் போகும் இந்தப் பணத்துக்கு ஒதுக்குவதில்லை. மூன்றாவது மாதத்தில் வண்டி காலியாகவும் ஏடு நிறைந்தும் இருக்கும்.

ஆகவே நான் சில வரம்புகளை வைத்திருக்கிறேன். புதிய பட்டறைக்கு முதல் நான்கு வாரம் ரொக்கம் மட்டுமே. பிறகு, அவர் ரொக்கமாக வாங்கிய மொத்தத் தொகைக்கு மேல் கடன் ஏறாது. பழைய பாக்கியில் பாதி தீராமல் அடுத்த பெரிய பொருள் இல்லை. ஆனால் ஒரு சிறிய திருப்புளிக்கு மறுக்க மாட்டேன், ஏனெனில் வேலை நின்றால் தவணையும் நிற்கும். வட்டி போடுவதில்லை. வட்டி என்று எழுதத் தொடங்கிய நாளில் நாம் கருவி வியாபாரி அல்லர், வேறு தொழிலுக்குள் கால் வைத்துவிட்டோம்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நல்ல மெக்கானிக் திடீரென்று சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். பாஸ்போர்ட், மருத்துவச் சோதனை என்ற பேச்சு பட்டறையில் காதில் விழுந்தால் அன்றே மெல்லப் பாக்கியை நினைவுபடுத்த வேண்டும். அப்படிப் போனவர்களில் ஒருவர், ஒன்றரை ஆண்டு கழித்து விடுமுறைக்கு வந்தபோது வண்டியை வழிமறித்து முழுத் தொகையையும் கொடுத்தார்; இன்னொருவரின் கணக்குப் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது.

கணக்கு முறையைத் தேடி எங்கும் போக வேண்டாம். நகரத்தார் கடைகளில் அன்றாடக் குறிப்பு, ஆள்வாரிப் பேரேடு, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்று எழுதிய முறையே போதும். கைபேசிச் செயலியில் எழுதினாலும் சரி. ஒவ்வொரு வாரமும் பாக்கித் தொகையை மெக்கானிக்கின் கண்முன் எழுதி, அவர் வாயால் ‘சரி’ என்று சொல்ல வைப்பதுதான் முக்கியம்.

ஜி.எஸ்.டி. பதிவு வேண்டுமா?

ஸ்பேனர், பிளேயர் போன்ற கைக்கருவிகளுக்கு வரி நூற்றுக்கு 18. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்தால் வியாபாரி விற்பனையில் நூற்றுக்கு 1 கட்டினால் போதும். ஆனால் பில்லில் வரியைத் தனியாகக் காட்டி வாங்க முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. நம்மிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை கேட்காத சிறு பட்டறைகள் என்பதால் இது பலருக்குப் பொருந்தும். பெரிய சர்வீஸ் சென்டர்களுக்கு விற்பவர் வழக்கமான பதிவையே எடுக்க வேண்டியிருக்கும். வண்டியில் உள்ள சரக்குக்கு உரிய ஆவணம் எப்போதும் கையில் இருக்கட்டும். அதை எப்படி எழுதுவது என்பதை ஆடிட்டரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் விலை குறைவாகக் கிடைக்கும்போது நம்மிடம் யார் வாங்குவார்கள்?

விலையில் நாம் தோற்போம். அதை ஒப்புக்கொண்டே தொடங்குங்கள். ஆனால் இணையத்தில் வாங்கிய ரிங் ஸ்பேனர் உடைந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் காட்டுவது என்று தெரியாமல் நிற்பவரை நான் வாரம் ஒருவராவது பார்க்கிறேன். போலி முத்திரைகளும் அங்கே தாராளம். இணைய விலையைக் காட்டிப் பேரம் பேசுபவரிடம் நான் குறைப்பதில்லை. ‘வாங்குங்கள் அண்ணே, வந்ததும் என்னிடம் காட்டுங்கள், அசலா என்று பார்த்துச் சொல்கிறேன்’ என்பேன். பார்த்துச் சொல்லவும் செய்கிறேன். அசலாக இருந்தால் அசல் என்றே சொல்லிவிடுவேன்.

ஆண்டில் எந்த மாதம் விற்பனை அதிகம்?

ஆயுத பூஜைக்கு முந்தைய மூன்று வாரங்கள். பூஜையில் வைப்பதற்காகவே புதிய கருவி வாங்குவார்கள். அதுவரை இழுத்தடித்த பாக்கியையும் பலர் அப்போது தீர்ப்பார்கள். ஆவணியிலேயே சரக்கைத் தருவித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் மொத்தக் கடைகளில் 10-11 ஸ்பேனர்கூட இருக்காது. பூஜையன்று கருவியைத் தொட மாட்டார்கள் என்பதால் விற்பனை கிடையாது. நான் அன்று வண்டியைத் திறக்காமலே சுற்றுக்குப் போவேன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு வரிசையாக வைத்திருக்கும் கருவிகளைப் பார்த்தாலே அடுத்த ஆண்டுக்கு எந்தப் பட்டறையில் எது தேவைப்படும் என்பது தெரிந்துவிடும். பொரிகடலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அதைக் குறித்துக்கொள்வேன்.